தம்பி மகன் பிழைத்ததை அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதாதீர்கள்

இராணுவ ஹெலிகாப்டர் விமானியாகப் பயிற்சி பெற்றுவரும் என் தம்பி மகன், நான்கு மாதங்களுக்கு முன்பு பயிற்சியின்போது நடந்த விபத்தில் உயிர் பிழைத்தான். அருகில் அமர்ந்திருந்த பயிற்சி ஆசிரியருக்கு இடது தோள்பட்டை எலும்பு முறிந்தது. இவனுக்கு, தோளிலும் இடுப்பிலும் பெல்ட் இறுக்கிய இடங்களில் கன்றிப்போன தடங்களைத் தவிர, சொல்லும்படியான காயம் எதுவும் இல்லை. செய்தி வந்த அன்று வீட்டில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான்: மறுபிறவி. குலதெய்வம் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வைத்தோம். நானும் மனமார வேண்டிக்கொண்டுதான் அடுப்பு மூட்டினேன். ஆனாலும், பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் "பையனுக்கு நல்ல நேரம்" என்று சொல்லிவிட்டுப் போனபோது, அந்தப் பிள்ளையின் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. அதன் காரணம் அவன் விடுப்பு முடிந்து திரும்புவதற்கு முந்தைய நாள் இரவில்தான் எனக்குப் புரிந்தது.

அன்று சாப்பிட்டு முடித்த பிறகு, அடுக்களையில் இருந்த மர ஸ்டூலைக் கூடத்துக்கு எடுத்து வந்தான். அதன் இடப்பக்கக் கால் ஒன்றைத் தன் பாதத்தால் தரையோடு அழுத்திக்கொண்டு, "தூக்குங்க அத்தை" என்றான். தூக்கத் தூக்க அது அவன் பக்கமாகச் சாய்ந்ததே தவிர மேலே எழும்பவில்லை. "இப்ப விடுங்க" என்றான். விட்டதும் ஸ்டூல் தட்டென்று நான்கு கால்களிலும் நின்றது. "நான் விடாம தூக்கிட்டேன், அவ்வளவுதான்" என்றான்.

நடந்தது இதுதான். சரிவான தரையில் இறங்கி எழும்பும் பயிற்சி அது. ஹெலிகாப்டரின் கால்களாக இருக்கும் இரண்டு உலோகச் சட்டங்களில், ஸ்கிட் என்பார்கள், இடப்பக்கத்துச் சட்டம் மழையில் நெகிழ்ந்திருந்த மண்ணில் பதிந்து சிக்கிக்கொண்டது. எழும்ப முயன்றபோது வலப்பக்கம் மட்டும் மேலே வந்தது. சிக்கிய சட்டத்தையே அச்சாகக் கொண்டு இயந்திரம் உருளத் தொடங்கினால், ஓரளவுக்கு மேல் சாய்ந்த பிறகு எந்த விமானியாலும் அதை நிமிர்த்த முடியாது. அந்த அளவை எட்டுவதற்குள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: கலெக்டிவ் எனப்படும் இடக்கை நெம்புகோலைக் கீழே இறக்கி, தூக்கும் விசையைக் குறைக்க வேண்டும். மனித மனமோ, சிக்கலில் இருந்து விடுபட இன்னும் மேலே இழு என்றுதான் சொல்லும். அவனுடைய கையும் அப்படித்தான் இழுத்தது. ஆசிரியர் தன் பக்கத்து நெம்புகோலை முழு பலத்துடன் கீழே அழுத்தினார். இயந்திரத்தைக் காப்பாற்ற அது போதவில்லை. ஆனால் உருண்ட வேகம் குறைந்தது. இடப்பக்கமாக, ஆசிரியர் இருந்த பக்கமாகச் சாய்ந்து விழுந்து, சுழல் இறக்கைகள் தரையில் மோதி நொறுங்கின.

அதன் பிறகு இவன் செய்தது எதையும் யோசித்துச் செய்யவில்லை என்கிறான். பக்கவாட்டில் தொங்கிய நிலையிலேயே எரிபொருளை அடைத்தான், பேட்டரியை அணைத்தான், சுழலும் பாகங்கள் அனைத்தும் நிற்கும் வரை பெல்ட்டைத் தொடாமல் காத்திருந்தான், பிறகே அதைக் கழற்றி, மேலிருந்த கதவு வழியாக ஏறி, ஆசிரியரையும் வெளியே இழுத்தான். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சையும் கைதடவித் தொட்டுக்காட்டும் பயிற்சி அவர்களுக்கு உண்டு. அதைச் சலிக்கச் சலிக்கச் செய்ய வைத்தவரும் அதே ஆசிரியர்தான். "நல்ல நேரம்" என்று யாராவது சொன்னால் அவன் முகம் ஏன் வாடியது என்பது இப்போது உங்களுக்குப் புரியும். அந்தச் சொல்லில் அந்த மனிதருக்கு இடமே இல்லை.

அவன் அமர்ந்திருந்த இருக்கைக்கும் அந்தச் சொல்லில் இடமில்லை. வியட்நாம் போரில் எத்தனையோ அமெரிக்க வீரர்கள், ஹெலிகாப்டர் விழுந்த அதிர்ச்சியைத் தாங்கிய பிறகும், கிழிந்த எரிபொருள் தொட்டியில் பற்றிய தீயில் கருகி இறந்தார்கள். அந்த மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்த பிறகுதான், மோதலில் கிழியாத தொட்டிகளும், பிய்த்துக்கொண்டாலும் தாமாகவே அடைத்துக்கொள்ளும் குழாய் இணைப்புகளும் 1970 முதல் அவர்களுடைய ஹ்யூயி ஹெலிகாப்டர்களில் பொருத்தப்பட்டன. அதற்குப் பிறகு, பிழைக்கக்கூடிய விபத்துகளில் தீயால் இறப்பது ஏறக்குறைய நின்றுபோனது. அதே பாடங்களைக் கொண்டு வடிவமைக்கப்பட்ட பிளாக் ஹாக் ஹெலிகாப்டரில், தரையில் அறையும்போது விமானியின் இருக்கையே கீழ்நோக்கி அமிழ்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. முதுகெலும்புக்கு வர வேண்டிய அடியை இருக்கை வாங்குகிறது. யாரோ ஒருவரின் மரணத்தை இன்னொருவர் பொறுமையாகப் படித்ததால்தான் மூன்றாமவர் ஒருவர் உயிரோடு வீடு திரும்புகிறார்.

என் ஆதங்கம் இங்கேதான் தொடங்குகிறது. நம் நாட்டில் அந்தப் படிப்பு யாருக்குக் கிடைக்கிறது? இராணுவ விபத்து ஒவ்வொன்றுக்கும் விசாரணை நீதிமன்றம் எனப்படும் இராணுவ அதிகாரிகளின் குழு அமைக்கப்படுகிறது. விசாரிப்பவர்கள் திறமையானவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அதன் அறிக்கை முழுமையாகப் பொதுவெளிக்கு வருவதில்லை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் முப்படைத் தலைமைத் தளபதி பயணித்த ஹெலிகாப்டர் விழுந்தபோது, குடங்களில் தண்ணீரோடு ஓடியவர்கள் அந்த ஊர் மக்கள். பதினான்கு பேரில் ஒருவராலும் பிழைக்க முடியவில்லை. ஒரு வாரம் போராடிய குரூப் கேப்டன் வருண் சிங்கும் டிசம்பர் 15 அன்று மறைந்தார். அடுத்த மாதம் விமானப்படை வெளியிட்டது சில வரிகளைத்தான்: வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானி திசையுணர்வு இழந்தார் என்பது அதன் சாரம். அந்த வரிகள் சரியாகவே இருக்கலாம். ஆனாலும், நாளை அதே மலையின் மேல் பறக்கப்போகும் ஓர் இளைஞனின் தாய்க்கு அந்தச் சில வரிகள் போதுமா?

உயிர் பிழைத்தவரின் வாக்குமூலத்துக்கு இணையான சான்று வேறில்லை. 2023 மார்ச் 26 அன்று கொச்சி விமான நிலையத்தில் கடலோரக் காவல்படையின் துருவ் ஹெலிகாப்டர், சோதனைப் பறத்தலுக்காகத் தரையை விட்டு எழும்பிய சில நொடிகளிலேயே கட்டுப்பாட்டுக்கு அடங்காமல் போனது. இயன்ற அளவுக்கு அதை ஓடுபாதையை விட்டு விலக்கி, விழும் அடியையும் மட்டுப்படுத்தி, உள்ளே இருந்த மூவரின் உயிரையும் விமானி காப்பாற்றினார். என்ன நடந்தது என்று சொல்ல அவர்கள் இருந்தார்கள். 2025 ஜனவரி 5 அன்று போர்பந்தரில் அதே வகை ஹெலிகாப்டர் பயிற்சிப் பறத்தலின்போது விழுந்ததில், அப்படிச் சொல்ல மூவரில் ஒருவரும் மிஞ்சவில்லை.

பிரிட்டனில் இராணுவ விமான விபத்துகளின் விசாரணை அறிக்கைகளை, தனிமனிதர்களின் பெயர்களையும் இரகசியமான பகுதிகளையும் மறைத்துவிட்டு, அரசே இணையத்தில் வெளியிடுகிறது. 2006-இல் ஆப்கானிஸ்தானில் நிம்ராட் விமானம் ஒன்று தீப்பிடித்துப் பதினான்கு பேர் இறந்ததை ஆராய்ந்த ஹேடன்-கேவ் அறிக்கை, அந்நாட்டின் பாதுகாப்பு அமைச்சகத்தையே கடுமையாகச் சாடியது. அதன் விளைவாக 2010-இல் இராணுவ விமானப் பாதுகாப்புக்கென்றே தனி ஆணையம் அமைந்தது. அதனால் அவர்களுடைய பாதுகாப்புக்குக் கேடு வந்துவிடவில்லை. ஈரமான சரிவில் ஒரு ஸ்கிட் மண்ணில் சிக்கிய கதையில் எதிரி தெரிந்துகொள்ளக் கூடாத இரகசியம் என்ன இருக்கிறது?

இதோடு சேர்ந்தது இன்னொன்றும் உண்டு. உண்மையைச் சொன்னால் தன் எதிர்காலம் போய்விடுமோ என்ற அச்சம் ஒரு மாணவனுக்கு இருக்குமானால், அவன் சொல்லும் உண்மை குறைந்துகொண்டே போகும். குற்றம் யாருடையது என்று கேட்கும் விசாரணையும், அடுத்த விபத்தை எப்படித் தடுப்பது என்று கேட்கும் விசாரணையும் தனித்தனியாக நடக்க வேண்டும். இரண்டாவதில் சொன்ன எதையும் முதலாவதில் அவனுக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது. "பல கோடி ரூபாயை ஒரு நிமிடத்தில் உடைத்துவிட்டான்" என்று எங்கள் உறவினர் ஒருவரே குடும்பக் குழுவில் எழுதினார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் அது பொய். கற்றுக்கொள்பவன் பிழை செய்வான் என்பதற்காகத்தானே பக்கத்தில் இன்னொரு நெம்புகோலும் அதைப் பிடிக்க இன்னொரு கையும் வைத்திருக்கிறார்கள்?

அவன் எதையும் மறைக்கவில்லை. "நான்தான் மேலே இழுத்தேன்" என்று முதல் பக்கத்திலேயே எழுதி, நான்கு பக்க வாக்குமூலத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறான். இப்போது மீண்டும் பறக்கத் தொடங்கிவிட்டான்; தோள் இன்னும் முழுமையாகக் குணமாகாததால் அந்த ஆசிரியர் தரையில் நின்று வகுப்பெடுக்கிறாராம். போன ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, "நீ எழுதிக் கொடுத்ததை உனக்கு அடுத்து வரும் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுப்பார்களா?" என்று கேட்டேன். சற்று நேரம் பதில் இல்லை. "தெரியல அத்தை" என்றான்.