ரெண்டு பொட்டை நாய் சண்டைய "அதுங்களே தீத்துக்கும்"னு விட்டுடாதீங்க

வாட்ஸ்அப்ல ஒரு மெசேஜ் சுத்துது, வீட்டுல ரெண்டு பொட்டை நாய் அடிச்சுக்கிட்டா நடுவுல போகாதீங்க, யாரு தலைவின்னு முடிவானதும் தானா அடங்கிடும்னு. தப்புங்க. இந்த தலைவர் கதையே 1947ல அடைச்சு வச்ச ஓநாய்ங்கள பாத்து எழுதினதுலேர்ந்து வந்தது, காட்டுல ஓநாய்க் கூட்டம்னா பெரும்பாலும் அப்பா அம்மா குட்டிங்கதான்னு ஓநாய் ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் 1999லயே எழுதிட்டாரு. ஒவ்வொரு சண்டையும் பயத்த ஏத்தி விட்டு அடுத்த சண்டைக்குத்தான் வழி பண்ணும், அதுலயும் பொட்டைங்களுக்குள்ள வர்ற சண்டை ரொம்ப மோசமா போகும். மொறைச்சு பாக்க ஆரம்பிக்கும்போதே பிரிச்சு தனித்தனி ரூம்ல விடுங்க, சாப்பாடு, எலும்பு, படுக்கை எல்லாமே தனி. சண்டை நடுவுல கைய விட்டுடாதீங்க. நல்லா இருந்த நாய் திடீர்னு பாய்ஞ்சா முதல்ல டாக்டர்கிட்ட காட்டுங்க, மூட்டு வலியா கூட இருக்கும், பாவம் அதுக்கு சொல்லத் தெரியாது.