லிமெரிக்கின் கோப்பைக் கணக்கு எங்கே தொடங்குகிறது?

"லிமெரிக் ஜெயிப்பதெல்லாம் பணத்தால்தான்." அயர்லாந்தில், மட்டையும் சிறு பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் ஆட்டத்தின் பேச்சை எடுத்தால் போதும், யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். 45 வருடக் காத்திருப்புக்குப் பிறகு லிமெரிக் மாவட்ட அணிக்கு 2018-ல், மாவட்ட அணிகள் மோதும் அகில அயர்லாந்துக் கோப்பை, அப்புறம் 2020 முதல் 2023 வரை தொடர்ந்து நான்கு. பெரும் பணக்காரர் ஒருவர் ஸ்பான்சராக இருப்பதும் உண்மைதான். ஆனால் எல்லோரும் கணக்கை 2018-ல் தொடங்குகிறார்கள். நான் 2010-ல் தொடங்குவேன்.

அந்த வருடம்தான் லிமெரிக் நகரத்து ஆர்ட்ஸ்கோல் ரீஷ் பள்ளி முதன்முதலாக ஹார்ட்டி கோப்பையை வென்றது. மன்ஸ்டர் மாகாணப் பள்ளிகள் 1918-லிருந்து மோதிக்கொள்ளும் கோப்பை அது. கேஷல் பேராயர் ஹார்ட்டியின் பெயரில் வைத்தது. அன்று ஆடிய மாணவர்களில் ஒருவர் டெக்லன் ஹானன். எட்டு வருடம் கழித்து டப்ளினின் க்ரோக் பார்க் மைதானத்தில் லிமெரிக் கேப்டனாக அகில அயர்லாந்துக் கோப்பையைத் தூக்கியவரும் அவரேதான்.

தற்செயல் என்பீர்களா? சரி, இன்னும் பின்னால் போவோம். 1964 முதல் 1967 வரை நான்கு வருடமும் ஹார்ட்டி கோப்பை லிமெரிக்கின் கிறிஸ்தவ சகோதரர்கள் பள்ளிக்கே போனது. அந்த அணியில் ஆடியவர் ஈமன் கிரைம்ஸ். 1973-ல் லிமெரிக் அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றபோது கேப்டன் யார்? அதே கிரைம்ஸ். கில்கென்னி மாவட்டக்காரர்களுக்கு இதெல்லாம் புதிதே இல்லை. செயின்ட் கீரன்ஸ் என்ற தங்கள் ஊர்ப் பள்ளியை வைத்துக்கொண்டு அவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான்.

பெரியவர்களின் ஆட்டம் கோடையில், தொலைக்காட்சியில். பள்ளி ஆட்டமோ கொட்டும் குளிரில், வார நாளில். ஜனவரியில் ஒருமுறை கோட்டோரம் நின்று பாருங்கள். நனைந்த பந்து கனத்துப் போய், குத்தினாலும் எழும்பாமல் சேற்றில் புதையும். அதைக் குனிந்து கையால் எடுக்கக் கூடாது. மட்டையால் கிளப்பித்தான் பிடிக்க வேண்டும். நாலு பேர் மட்டையை வீசிக்கொண்டு மேலே விழும்போது இதைச் செய்யவேண்டும்! ஆஷ் மரத்து மட்டை ஒன்று படாரென்று பிளந்தால், ஓரத்தில் நிற்கும் பொடியன் அடுத்ததைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான். இந்த ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது, மாவட்ட அணிக்குப் போனாலும் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை. ஆர்ட்ஸ்கோல் ரீஷ் அணியில் பக்கத்து கிளேர் மாவட்டத்துப் பையன்களும் உண்டு. குளிர்காலத்தில் ஒரே ஜெர்சியில் தோளோடு தோள், கோடையில் எதிரெதிரே நின்று முட்டிக்கொள்வார்கள். அப்படியானால் லிமெரிக்கின் ஸ்பான்சர் பணத்தைத் திட்டுகிற கிளேர்க்காரர்கள், தங்கள் பிள்ளைகளைப் பழக்கிய லிமெரிக் வாத்தியார்களையும் கணக்கில் சேர்க்கட்டும்.

நான் கடைசியாகப் பார்த்த ஆட்டத்தில், தோற்ற அணிப் பையன் ஒருவன் உடைந்த மட்டைத் துண்டால் பூட்ஸ் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தான். "நாளைக்குக் கணக்குப் பரீட்சை, பஸ் கிளம்புது" என்று வாத்தியார் கத்தினார். துண்டைத் தூக்கிப் போடாமல் புத்தகப் பைக்குள் செருகிக்கொண்டு ஓடினான்.