சிறுவர் உரிமைச் சமவாயம் பள்ளிப் பிள்ளைக்கு மட்டுமா?

மேலே எழுதின தம்பிக்கு: "பச்சப்பிள்ளை முதல் மாசத்தில சாகிறது விதி, சிறுவர் உரிமை எல்லாம் பள்ளிக்கூடம் போற பிள்ளைக்குத்தான்" என்பது பிழை. சிறுவர் உரிமைகள் சமவாயம் என்பது நாடுகள் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கை. அதன் 1ஆம் உறுப்புரைப்படி 18 வயதுக்குக் கீழ்ப்பட்ட எல்லாருமே சிறுவர்தான். பிறந்த நாளிலிருந்தே! 24ஆம் உறுப்புரை இன்னும் நேரடியாகவே பேசுகிறது: சிசு மரணத்தைக் குறைப்பதும், பிள்ளை பெற முன்னும் பின்னும் தாய்க்குப் பராமரிப்புக் கொடுப்பதும் அரசின் கடமை. இலங்கை 1991இல் இதை ஏற்று உறுதிப்படுத்தியது.

ஒன்றில் நீங்கள் சொல்வது சரி. எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் சுகாதார உரிமை என்று தனியாக எதுவும் இல்லை. அதற்காகக் கடமையே இல்லையென்று ஆகிவிடாது.

விதி என்கிறீர்களே. குறைமாதப் பிறப்பு, பிறக்கும்போது மூச்சுத்திணறல், கிருமித்தொற்று, இவைதான் உலகெங்கும் பிறந்த பிள்ளைகளைக் கொல்லும் பெரிய காரணங்கள். மூன்றிலும் நேரத்துக்குப் பராமரிப்புக் கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரையில் நடுச்சாமத்தில் பிள்ளை பால் குடியாமல் சோர்ந்தால், வாவி கடந்து மட்டக்களப்புக்கு வர வாகனம் வேணும், வழியில் யானைப் பயம் வேற. அதையும் விதிக் கணக்கில எழுதுறதா?

மருத்துவமாது, அதாவது தாயையும் பிள்ளையையும் பார்க்கிற அரச சுகாதார ஊழியர், வீட்டுக்கு வந்து பார்ப்பதும் தயவு இல்லை, அரச சேவை, காசும் இல்லை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவர்கள் அந்தப் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளையின் உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளானால் அவர் வரும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கே கொண்டு போங்கள்.