பிளஸ் ஒன் இயற்பியலும் கணக்கும்

பள்ளிப் பாடங்களை ஒன்றோடொன்று இணைத்து நடத்த வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதான். அதற்கு முன் பாட வரிசையைக் கொஞ்சம் பாருங்கள். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 11ஆம் வகுப்பு இயற்பியலின் 2ஆவது பாடம் இயக்கவியல். வெக்டர் (அளவோடு திசையும் உள்ளது), வகையீடு (மாறும் வீதத்தைக் காண்பது), தொகையீடு (சிறு சிறு மாற்றங்களைக் கூட்டிக் காண்பது) மூன்றும் அங்கேயே வந்துவிடுகின்றன. கணக்குப் புத்தகத்திலோ இவை இரண்டாம் தொகுதியில்தான் இருக்கின்றன. வரிசைப்படி நடத்தினால் அந்த இடத்துக்கு வர பல மாதம் ஆகும். அதுவரை பிள்ளைகள் dx, dt என்று வரும் வகையீட்டுக் குறியீடுகள் எல்லாவற்றையும் மந்திரம் போல மனப்பாடம் செய்கிறார்கள். இயற்பியல் ஆசிரியரே ரெண்டு பீரியட் ஒதுக்கிக் கணக்கு நடத்தினால் உண்டு. (நல்ல ஆசிரியர்கள் செய்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.)

இதைவிடப் பாவம், கணக்கே இல்லாமல் தாவரவியல், விலங்கியல் எடுக்கும் பியூர் சயின்ஸ் பிள்ளைகள். அவர்களுக்கும் அதே இயற்பியல் புத்தகம், அதே கேள்வித்தாள். வகையீட்டை வகுப்பில் யாரும் தனியாகச் சொல்லித்தருவதில்லை. நீட் எழுதப் போகிறவர்களில் பலர் இவர்கள்தான். பெரிய சீர்திருத்தம் எல்லாம் பிறகு வரட்டும். ஜூன் மாதமே இயற்பியல், கணக்கு ஆசிரியர்கள் இருவரும் உட்கார்ந்து வெக்டரை முன்னால் இழுத்துக்கொள்ள எந்த அரசாணையும் தேவையில்லை.