ரோட்டுக்கு ஒன்று, காட்டுக்கு ஒன்றா?

வண்டிக்கு ஒரு ஜிபிஎஸ் வாங்கலாம் என்று பார்த்தால் தலை சுற்றுகிறது. நெடுஞ்சாலைக்கென்று வருவது எந்த லேனில் போக வேண்டும் என்பது வரை சொல்கிறது. மண் பாதையில் இறங்கினால் வெற்றுத் திரையில் ஓர் அம்புக்குறி மட்டும். மலையேறுபவர்களுக்கான கருவியில் மேடு பள்ளத்தைக் காட்டும் சமஉயரக் கோடுகூட உண்டு, ஆனால் திரை தீப்பெட்டி அளவு. ஓட்டிக்கொண்டே அதை எப்படிப் பார்ப்பது?

போனே போதும் என்கிறார்கள். சரி, செயற்கைக்கோள் சிக்னலுக்கு நெட் வேண்டாம்தான். ஆனால் வரைபடத்தை முன்னாலேயே இறக்கி வைத்திருக்க வேண்டுமே! கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு நடுவே டவர் போய்விட்டால் எதை இறக்குவது?

அதைவிடக் கொடுமை, குறுக்கு வழி என்று தோட்டத்துப் பாதைக்குள் தள்ளிவிடுவது. அதில் கார் போகுமா, ஜீப் மட்டும்தானா என்று ஒரு வரி காட்டினால் என்ன?