ஏழு டாலர்

சம்பளத்துக்காகச் சண்டை போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறோம். கையில் கொடுத்த சம்பளத்தையே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அதே நேரத்தில் போருக்கும் போய்க்கொண்டிருந்தவர்களைப் பற்றிப் படித்ததிலிருந்து வேறு எதையும் யோசிக்க முடியவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1863, அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருக்கிறது. வடக்கு மாநிலங்களின் ராணுவத்தில் கறுப்பர்களையும் சேர்க்கலாம் என்று முடிவாகி, மாசசூசெட்ஸ் ஆளுநர் ஜான் ஆண்ட்ரூ 54ஆம் ரெஜிமென்டுக்கு ஆள் எடுக்கிறார். மாதம் 13 டாலர், துணிமணி தனி, வெள்ளைச் சிப்பாய்க்கு என்னவோ அதுவே உங்களுக்கும் என்பதுதான் வாக்குறுதி. அடிமையாக இருந்து தப்பி, அடிமைமுறைக்கு எதிராகப் பேசிவந்த பிரெடரிக் டக்ளஸ் ஊர் ஊராகப் பேசி ஆள் திரட்டினார், தன் மகன்கள் இரண்டு பேரையே சேர்த்துவிட்டார்.

சம்பளப் பட்டுவாடா அன்றுதான் விஷயம் தெரிந்தது. 1862இல் போட்ட ஒரு சட்டத்தை எடுத்து நீட்டினார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மாதம் 10 டாலர், அதில் 3 டாலர் துணிக்குப் பிடித்தம். கையில் வருவது ஏழு. அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் மனதில் இருந்தது பதுங்குகுழி வெட்டுகிற, மூட்டை தூக்குகிற கூலியாள், துப்பாக்கி பிடிக்கிற சிப்பாய் இல்லை. கொடுமை என்னவென்றால் இதில் பதவி வித்தியாசமே கிடையாது. கறுப்பு சார்ஜென்டுக்கும் அதே ஏழுதான், அதாவது நேற்று சேர்ந்த வெள்ளைச் சிப்பாயைவிடக் குறைவு. 54ஆம் ரெஜிமென்டின் பாதிரியார் சாமுவேல் ஹாரிசனுக்கு நியாயமாக வரவேண்டியது மாதம் 100 டாலர், அவருக்கும் பத்துதான் என்றார்கள். ஒரு மனிதனின் படிப்பு, பதவி, வேலை எதையும் பார்க்காமல் தோலை மட்டும் பார்த்துச் சம்பளம் போட்டால் கணக்கு எழுதுவது ரொம்பச் சுலபம், பாருங்கள்.

54ஆம் ரெஜிமென்ட் அந்தப் பணத்தைத் தொடவில்லை. இத்தனைக்கும் 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவில் வாக்னர் கோட்டையின் மீது நேருக்கு நேராகப் பாய்ந்தவர்கள் இவர்கள். சுமார் 600 பேர் போனதில் 270க்கும் மேற்பட்டோர் செத்தோ, காயம்பட்டோ, காணாமலோ போனார்கள். அவர்களுடைய கர்னல் ராபர்ட் கூல்ட் ஷா கோட்டைச் சுவரிலேயே விழுந்தார், சிப்பாய்களோடு ஒரே குழியில் புதைக்கப்பட்டார். இதற்கெல்லாம் பிறகும் ஏழு டாலர்தான்.

நான் திரும்பத் திரும்பப் படித்தது இதற்கு அடுத்து நடந்ததை. அந்த வருடம் நவம்பரில் மாசசூசெட்ஸ் சட்டமன்றம், சரி, மத்திய அரசு தராத மீதியை எங்கள் மாநிலமே தருகிறது என்றது. நாமாக இருந்தால் வாங்கியிருப்போம். வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் பட்டினி, ஊரிலிருந்து வருகிற கடிதம் எல்லாம் பணம் கேட்டுத்தான். அவர்கள் அதையும் மறுத்துவிட்டார்கள். மாநிலம் தருவதை வாங்கிக்கொண்டால், மத்திய அரசின் கணக்குப் புத்தகத்தில் தாங்கள் கூலியாளாகவே இருந்துவிடுவோம் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பணம் எவ்வளவு என்பதோடு, எந்தப் பெயரில் வருகிறது என்பதும் அவர்களுக்கு முக்கியம். கிட்டத்தட்ட பதினெட்டு மாதம் ஒரு காசு வாங்காமல் சேவை செய்தார்கள். 1864 பிப்ரவரியில் புளோரிடாவில் ஒலஸ்டீ சண்டைக்கு ஓடும்போது அவர்கள் போட்ட கோஷமே, 'மாசசூசெட்ஸுக்கு ஜே, மாதம் ஏழு டாலருக்கும் ஜே!' குண்டு பறக்கிற இடத்தில் இப்படி ஒரு நக்கல் வரவேண்டும் என்றால் உள்ளே எவ்வளவு எரிந்திருக்கும்!

எனக்கு இது ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், நான் முதலில் வேலை பார்த்த இடத்தில் ஒப்பந்த ஊழியர்களுக்கு அடையாள அட்டை தொங்குகிற கயிறே வேறு நிறம். அதே மேசை, அதே வேலை, சம்பளம் பாதி. ஆனால் உண்மையைச் சொன்னால் சம்பளத்தைவிட அந்தக் கயிறுதான் கழுத்தை அறுக்கும். ஏசி அறையில் உட்கார்ந்திருந்த என் கதையையும் வாக்னர் கோட்டையையும் ஒப்பிட வரவில்லை, அந்த அளவுக்கு எனக்குப் புத்தி கெட்டுப்போகவில்லை. அந்தக் கயிறு ஞாபகம் வந்தது, சொன்னேன்.

54ஆம் ரெஜிமென்டில் ஜேம்ஸ் ஹென்றி குடிங் என்று ஒரு கார்ப்பரல். முன்பு திமிங்கல வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர். 1863 செப்டம்பர் 28 அன்று மோரிஸ் தீவு முகாமில் உட்கார்ந்து நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா என்பதுதான் முக்கியமான கேள்வி என்றார். சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் கிடைக்கக்கூடாது என்றார். கெஞ்சல் இல்லை, வசவும் இல்லை.

லிங்கன் இதைப் பற்றி ஏற்கெனவே டக்ளஸிடம் பேசியிருந்தார். கறுப்பர்களை ராணுவத்தில் சேர்ப்பதையே பலர் ஏற்கவில்லை, அதனால் குறைந்த சம்பளம் என்பது தவிர்க்க முடியாத ஒரு விட்டுக்கொடுத்தல், போகப்போகச் சரியாகிவிடும் என்பது அவர் வாதம். லிங்கன் மீது எனக்கு மரியாதை உண்டு, ஆனாலும் இந்த இடத்தில் எரிச்சல்தான் வருகிறது. விட்டுக்கொடுத்தது யார்? அவர் சம்பளத்திலா மூன்று டாலர் பிடித்தார்கள்?

'போகப்போக' என்பதற்கு என்ன விலை என்று வில்லியம் வாக்கரைக் கேட்கவேண்டும். அடிமையாக இருந்து தப்பி வந்தவர், 3ஆம் தென் கரோலினா ரெஜிமென்டில் சார்ஜென்ட், வயது இருபத்துச் சொச்சம். 1863 நவம்பரில் தன் கம்பெனி ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்க் கர்னலின் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைத்தார். சொன்ன சம்பளம் தரவில்லை, ஒப்பந்தத்தை மீறியது நீங்கள், இனி எங்களுக்கு வேலை இல்லை என்பதுதான் அவர்கள் சொன்னது. யாரையும் சுடவில்லை. ராணுவம் இதைக் கலகம் என்றது. 1864 பிப்ரவரி 29 அன்று ஜாக்சன்வில்லில் படையினர் கண்முன்னே வாக்கரைச் சுட்டுக் கொன்றார்கள். சம்பளம் கொடுக்கும்போது அவரைச் சிப்பாயாகப் பார்க்கச் சட்டம் கிடைக்காத அரசுக்கு, சுடும்போது மட்டும் சட்டம் கிடைத்துவிட்டது என்று ஆளுநர் ஆண்ட்ரூவே பின்னால் கேட்டார்.

கடைசியில் 1864 ஜூன் 15 அன்று நாடாளுமன்றம் சம சம்பளச் சட்டம் போட்டது. அதிலும் ஒரு முள். 1861 ஏப்ரல் 19 அன்று சுதந்திர மனிதராக இருந்தவருக்கு மட்டும் சேர்ந்த நாளிலிருந்து முழு நிலுவை, அன்று அடிமையாக இருந்தவருக்கு 1864 ஜனவரி 1 முதல்தான். ஒரே வரிசையில் நிற்கிற கறுப்பர்களையே இரண்டாகப் பிரிக்கிற வேலை. 54ஆம் ரெஜிமென்டிலும் தப்பி வந்த அடிமைகள் சிலர் இருந்தார்கள். அவர்கள் என்ன செய்வது? ஷாவுக்குப் பிறகு கர்னலான எட்வர்ட் ஹாலோவெல், அடிமைமுறையை எதிர்த்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துக்காரர், ஒரு சத்தியப் பிரமாண வாசகம் எழுதினார். அந்தத் தேதியிலோ அதற்கு முன்போ நான் எவருக்கும் கூலியில்லா உழைப்பைக் கடன்பட்டிருக்கவில்லை, இவ்வளவுதான் வாசகம். கடவுளின் சட்டத்தில் எந்த மனிதன் எவனுக்கு அப்படிக் கடன்பட்டிருக்க முடியும்? அடிமையாக இருந்தவரும் ஒரு பொய் சொல்லாமல் கையை உயர்த்தினார். படித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தேன், பக்கத்தில் இருந்தவர் ஒரு மாதிரி பார்த்தார்.

செப்டம்பர் கடைசியில் பணம் வந்தது. அந்த ஒரு ரெஜிமென்டுக்கு மட்டும் 1,70,000 டாலர் தேவைப்பட்டதாம், அவ்வளவு பாக்கி.

போர் நேரத்தில் போய்ச் சம்பளம் கேட்கலாமா, நாடு முக்கியமா காசு முக்கியமா என்று கேட்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அவர்களிடம் செனகலில் உள்ள தியாரோய் முகாமில் நடந்ததைச் சொல்வேன். ஜெர்மன் சிறைமுகாம்களில் வருடக்கணக்கில் கிடந்து திரும்பிய பிரான்ஸின் மேற்கு ஆப்பிரிக்கச் சிப்பாய்கள், டக்கார் அருகே நிலுவைச் சம்பளம் கேட்டதற்கு, 1944 டிசம்பர் 1 அன்று பிரெஞ்சு ராணுவமே அவர்களைச் சுட்டது. அது படுகொலை என்று ஒரு பிரெஞ்சு அதிபர் எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 வரை ஆனது.

அப்புறம் குடிங். ஒலஸ்டீயில் தெற்குப் படையிடம் பிடிபட்டு அவர்களுடைய ஆண்டர்சன்வில் சிறைமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்டவர், 1864 ஜூலை 19 அன்று அங்கேயே இறந்தார். அவர் கேட்ட சட்டம் வந்து அப்போது ஐந்து வாரம்கூட ஆகவில்லை. வாக்கர் விஷயத்தில் தேதிகள் இன்னும் மோசம். அதே சட்டம் அவரைப் போன்ற முன்னாள் அடிமைகளுக்கு 1864 ஜனவரி 1இலிருந்து சம சம்பளம் என்றது அல்லவா, அந்தக் கணக்கில் அவர் உயிரோடு இருந்தது இரண்டே மாதம், இரண்டும் கலக வழக்கிலேயே கழிந்தன.