உறையே வராத பட்டியலைக் காலிப் பட்டியல் என்று எண்ணலாமா?

சோப் (SOAP, எக்ஸ்எம்எல் செய்திகள் மூலம் நிரல்கள் பேசிக்கொள்ளும் முறை) வெப் சர்வீஸ்களை ஜாவாவிலிருந்து அழைக்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். வங்கிகளிலும் காப்பீட்டிலும் சரக்குப் போக்குவரத்திலும் சோப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது; அதிலிருந்து வரும் அர்ரேயை (பட்டியலை) நாம் அலட்சியமாகக் கையாள்கிறோம் என்பது என் கருத்து.

ஒரு சரக்கு நிறுவனத்தின் சேவையிலிருந்து, இன்னும் டெலிவரி ஆகாத பார்சல்களின் பட்டியலை இரவுதோறும் எடுத்துவரும் நிரலை நான் எழுதியிருந்தேன். பட்டியலில் இல்லாத பார்சல், டெலிவரி ஆனதாகக் கொள்ளப்படும். ஒருநாள் இரவு அவர்களுடைய டேட்டாபேஸ் பதில் தரவில்லை. ஆனால் சேவை ஃபால்ட் (பிழைச் செய்தி) எதையும் அனுப்பாமல், பட்டியலைச் சுற்றி இருக்க வேண்டிய உறை எலிமென்ட்டையே (wrapper; சோப்பின் என்வலப் அல்ல) விட்டுவிட்டுப் பதில் அனுப்பியது. என் நிரலில் ‘நல்’ (null, மதிப்பே இல்லை) வந்தால் காலி லிஸ்ட் என்று ஒரு வரி இருந்தது. மறுநாள் காலை, கைக்கு வராத பார்சல் வந்துவிட்டதாகக் குறுஞ்செய்தி பெற்ற வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக அழைத்தார்கள்.

அந்த ஒரு வரியை நான் எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு. சேவையின் விவரக் கோப்பைப் படிக்கும் கருவியான டபிள்யூஎஸ்இம்போர்ட் (wsimport) உருவாக்கித் தரும் ஜாவா கிளாஸ்களில் பட்டியலை எடுக்க இரண்டு கெட்டர்களை அழைக்க வேண்டும்: முதலாவது உறையைத் தரும், இரண்டாவது உள்ளிருக்கும் லிஸ்டைத் தரும். இரண்டாவது ஒருபோதும் ‘நல்’ தராது. லிஸ்ட் இல்லையென்றால் அந்த இடத்திலேயே புதிய அர்ரேலிஸ்ட் ஒன்றை உருவாக்கித் தந்துவிடும், அதனால்தான் அதற்கு செட்டரும் கிடையாது. ஆனால் ஸ்கீமாவில் (எக்ஸ்எம்எல் அமைப்பை வரையறுக்கும் கோப்பில்) உறைக்கு மின்அக்கர்ஸ் (minOccurs) 0, அதாவது வராமலும் இருக்கலாம், என்றிருந்தால் முதல் கெட்டர் ‘நல்’ தரலாம். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருப்பதால், இரண்டுக்கும் ஒரே மருந்தைப் போட்டுவிட்டேன்.

எதிர்முனையில் டாட்நெட் (.NET, மைக்ரோசாஃப்டின் தளம்) இருந்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். அங்கே அர்ரே ‘நல்’ ஆக இருந்தால், எக்ஸ்எம்எல்சீரியலைசரின் (XmlSerializer) வழக்கமான அமைப்பில் உறை எழுதப்படுவதே இல்லை. அர்ரே காலியாக இருந்தால் காலி உறை எழுதப்படும். இந்த வேறுபாட்டை இழந்துவிடாமல் நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கும் ஒரே பொருள் அந்த உறைதான். உறையில்லாமல் எலிமென்ட்களை மட்டும் வரிசையாக அடுக்கும் சேவைகளில் இரண்டு நிலைகளும் ஒன்றாகிவிடும். அங்கே எண்ணிக்கையையோ நிலைக்குறியீட்டையோ தனியே கேட்டுப் பெறுவதைத் தவிர வேறு வழியில்லை. டாட்நெட்டின் சரம் அர்ரேயில் ஒவ்வொரு எலிமென்ட்டும் நில்லபிள், அதாவது ‘நில்’ (nil, மதிப்பில்லாதது) ஆக வரலாம், என்பதையும் மறக்கக் கூடாது: லிஸ்டுக்கு நடுவே ‘நல்’ வந்து உட்காரும், லூப்பில் டிரிம் அழைத்ததும் நிரல் விழும்.

பழைய சேவைகளின் கதை வேறு. 2000இல் வந்த சோப் 1.1 தன் என்கோடிங் (தரவை எக்ஸ்எம்எல்லாக எழுதும் விதிகள்) பகுதியில் அர்ரேக்கெனத் தனி வகை ஒன்றை வகுத்தது. சேவைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போக 2004இல் வந்த விதித்தொகுப்பான டபிள்யூஎஸ்-ஐ பேசிக் ப்ரொஃபைல் 1.0 அதைத் தடைசெய்தது. ஜாவாவின் சோப் ஏபிஐயான ஜாக்ஸ்-டபிள்யூஎஸ்ஸும், அந்த என்கோடிங்கைப் பயன்படுத்தும் ஆர்பிசி என்கோடெட் டபிள்யூஎஸ்டிஎல்லை (சேவையின் விவரக் கோப்பை) ஏற்பதில்லை. அப்படிப்பட்ட சேவைக்குப் பழைய ஜாவா சோப் நூலகமான ஆக்ஸிஸ் 1.4ஐத் தனி மாட்யூலில் ஒதுக்கி வைப்பதே நலம்.

இப்போது என் நிரல்களில் சோப் கிளாஸ்கள் ஒரே ஒரு அடாப்டருக்கு (சேவையோடு பேசும் இடைநிலைக் கிளாஸுக்கு) வெளியே வருவதில்லை. உறை இல்லையென்றால் அடாப்டர் எக்ஸெப்ஷன் எறியும். உறை இல்லாததற்குக் ‘காலி’ என்றுதான் பொருள் எனச் சேவையின் உரிமையாளர் எழுத்தில் சொன்னால் மட்டுமே அதை மாற்றுவேன். ஒவ்வொரு புதிய சேவைக்கும் நான்கு எக்ஸ்எம்எல் கோப்புகளை டெஸ்ட் ஃபோல்டரில் முதலில் வைக்கிறேன்: உறை இல்லாதது, உறை காலியானது, ஒரே எலிமென்ட் உள்ளது, நடுவே நில் உள்ளது. இந்த நான்கையும் தாண்டிய பிறகே எங்கள் குழுவில் அந்த அடாப்டர் மெர்ஜ் ஆகும்.